கடலூருக்கு எல்லை போட்ட காற்று

1690ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒரு சிறிய கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. செஞ்சியில் இராஜாராம் ஆண்ட காலம் அது. அந்த விற்பனையில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதைக் காணிக் கணக்கிலோ வேலிக் கணக்கிலோ எழுதவில்லை. கோட்டையிலிருந்து பெரிய பீரங்கி ஒன்றைச் சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. அப்படியே பல திசைகளிலும் சுட்டார்கள். கடலூர் நகரமும் அந்தத் தூரத்துக்குள் வந்து சேர்ந்தது. அப்படிக் கைமாறிய ஊர்களைப் 'பீரங்கிக்குண்டு கிராமங்கள்' என்றே வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். கெடிலம் கடலில் சேரும் இடத்துக்கு அருகே அதன் மிச்சம் இன்னும் கிடக்கிறது.

நிலத்தை இப்படியா அளப்பார்கள் என்று சிரிக்கலாம். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வேறொன்று. அந்த எல்லையைத் தீர்மானித்தது பீரங்கியும் வெடிமருந்தும் மட்டுமல்ல. எதிரே நின்ற காற்றுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அது எவ்வளவு பெரிய பங்கு என்பது 1690இல் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் பாடம் வரும். 'காற்றின் தடையைப் புறக்கணிக்க' என்று ஒரு வரியும் கூடவே வரும். அந்த வரியை நம்பினால், 45 பாகைச் சாய்வில் எறிந்த பொருள் போகும் தூரம், வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். அந்தக் காலத்துப் பெரிய பீரங்கியிலிருந்து குண்டு நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிளம்பும் என்று வைத்துக்கொள்வோம். 450இன் வர்க்கத்தை 9.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வருகிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி நேர்கோட்டில் எவ்வளவு தூரம்? அதுவும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். அங்கே 1674 முதல் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். காற்றில்லாத உலகத்தில் அந்த ஒப்பந்தம் நடந்திருந்தால், ஆங்கிலேயரின் குண்டு பிரெஞ்சுக்காரர் வீட்டு வாசலில் போய் விழுந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் பீரங்கிகள் நிஜத்தில் எட்டியது மூன்று, நான்கு கிலோமீட்டர். தூரம் ஐந்தில் ஒரு பங்கு என்றால், பரப்பு இருபத்தைந்தில் ஒரு பங்கு. மீதி அத்தனையையும் காற்று விழுங்கிவிட்டது.

இதை ஏன் அவ்வளவு காலம் யாரும் கவனிக்கவில்லை? எறிபொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638இல் எழுதினார். மிக வேகமாகப் போகும் குண்டுகளுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்று அவரே எச்சரித்தும் இருந்தார். பின்னால் வந்தவர்கள் பரவளையத்தைப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிபியா என்ற நூலின் இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதி தடை தரும் ஊடகத்தில் பொருள்கள் எப்படி நகரும் என்பதைப் பற்றியதுதான். ஆனாலும் கனமான உலோகக் குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணம் போகவில்லை. வால்மீனுக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலியே அப்படித்தான் நினைத்தார். இரும்பு காற்றைப் போல ஆறாயிரம் மடங்கு அடர்த்தி. இவ்வளவு லேசான காற்று அதை என்ன செய்துவிடும்?

பார்க்கச் சரியான வாதம்தான். ஓட்டை எங்கே என்றால், அது குண்டை நிற்கும் பொருளாக நினைக்கிறது. குண்டு போகிற வழியில் இருக்கும் காற்றையெல்லாம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் தேரோட்டத்தன்று சன்னதித் தெருவில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுவது போலத்தான். எதிரில் வரும் ஒரே ஒரு ஆளால் நம்மை நிறுத்த முடியாது, எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு 24 பவுண்டுக் குண்டை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 11 கிலோ, குறுக்களவு சுமார் 14 சென்டிமீட்டர். அது ஒவ்வொரு மீட்டர் நகரும்போதும் தள்ளும் காற்றின் எடை 20 கிராம்கூட இல்லை. ஆனால் 600 மீட்டர் போவதற்குள், தன் எடைக்குச் சமமான காற்றைத் தள்ளி முடித்திருக்கும். அதாவது, பீரங்கிக் குண்டு முக்கால் கிலோமீட்டர் தாண்டுவதற்குள் தன்னளவு கனமுள்ள ஒன்றின் மேல் மோதியதற்குச் சமம்.

தடைவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏன் ஏறுகிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. வேகம் இரட்டித்தால் ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்று இரண்டு மடங்கு. அந்தக் காற்றை ஒதுக்க வேண்டிய வேகமும் இரண்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் நான்கு. மற்றவை, அதாவது காற்றின் அடர்த்தி, பொருளின் முகப்புப் பரப்பு, வடிவத்தைக் குறிக்கும் ஒரு எண் எல்லாம் இந்தக் கணக்கில் வந்து பெருக்கிக்கொள்பவை.

சரி, இதை அளந்து காட்டியது யார் என்பதற்கு வருவோம். பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். லண்டனில் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். 1742இல் பீரங்கியியல் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் காட்டிய கருவி இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது. கனமான மரப்பலகை பொருத்திய ஒரு ஊசல், எடை சுமார் 25 கிலோ. துப்பாக்கிக் குண்டை அதன்மேல் சுட்டால் குண்டு மரத்தில் புதைந்துவிடும், ஊசல் மெல்ல ஆடும். உந்தம் அழியாது என்பதால், ஊசல் எவ்வளவு பின்வாங்கியது என்று ஒரு நாடாவை வைத்து அளந்தால் குண்டின் வேகம் தெரிந்துவிடும். நொடிக்கு 500 மீட்டர் போகும் ஒரு பொருளை அளக்க அதற்கு முன்னால் வழியே கிடையாது. ராபின்ஸ் அதை நொடிக்கு முக்கால் மீட்டர் ஆடும் பலகையாக மாற்றிவிட்டார். இயற்பியலில் இவ்வளவு மலிவாக, இவ்வளவு சாமர்த்தியமாக முடிந்த வேலை அதிகமில்லை.

அப்புறம் ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். முக்கால் அங்குலக் குண்டுக்கு 25 அடித் தூரத்தில் வேகம் நொடிக்கு 1670 அடி. 75 அடியில் 1550. 125 அடியில் 1425. வெறும் ஐம்பது அடி காற்றைக் கடப்பதற்குள் நொடிக்கு 120 அடி வேகம் காலி. கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: இந்த வேகக் குறைவுக்குத் தேவையான விசை, குண்டின் எடையைப் போல ஏறக்குறைய 120 மடங்கு. புவியீர்ப்பை மட்டும் வைத்துப் பாதை வரைந்துகொண்டிருந்தார்கள், அதைவிட நூறு மடங்குக்கு மேலான ஒரு விசையைக் கணக்கிலேயே சேர்க்காமல். பெரிய பீரங்கிக் குண்டுக்கு இந்த விகிதம் குறைவு. ஆனாலும் கிளம்பும்போது எடையைப் போல பதினைந்து, இருபது மடங்கு இருக்கும். குண்டு பெரிதாகப் பெரிதாக எடை கனஅளவில் ஏறுகிறது, முகப்பு பரப்பளவில்தான் ஏறுகிறது. அதனால்தான் பீரங்கி துப்பாக்கியைவிடத் தூரம் எட்டுகிறது. வெடிமருந்து கூடுதல் என்பது மட்டும் காரணமில்லை.

பாதையின் வடிவமும் மாறிவிடுகிறது. பரவளையம் ஏறுவதும் இறங்குவதும் ஒரே மாதிரி. நிஜக் குண்டு சாய்வாக ஏறி, வேகமிழந்து, செங்குத்தாகச் சரிகிறது. அதிகத் தூரத்துக்கு 45 பாகை என்ற பள்ளிப் பாடமும் இங்கே பலிக்காது. அதைவிடத் தாழ்த்திச் சுட வேண்டும்.

ராபின்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். வேகம் ஒரு அளவைத் தாண்டும்போது தடை வர்க்க விதியை மீறி எகிறுகிறது. அந்த அளவு ஒலியின் வேகத்துக்கு அருகில் இருக்கிறது என்றும் எழுதினார். இதற்கான காரணம் பின்னால்தான் தெளிவானது. எதிரே பொருள் வருகிறது என்ற 'தகவல்' காற்றில் ஒலியின் வேகத்தில்தான் போகும். அதைவிட வேகமாக வந்தால் முன்னால் இருக்கும் காற்றுக்கு விலக நேரமே கிடைக்காது; அது இறுகி அதிர்வலையாகிறது. ஜெட் விமானங்கள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மரப்பலகையையும் நாடாவையும் வைத்துக்கொண்டு ஒலித்தடையை ஒருவர் தொட்டிருக்கிறார்.

குண்டு சுழன்றால் பக்கவாட்டில் விலகும் என்பதையும் அவரே காட்டினார். துப்பாக்கிக் குழாயின் நுனியை இடது பக்கம் வளைத்துவிட்டு, வரிசையாகத் தொங்கவிட்ட மெல்லிய தாள்களின் வழியே சுட்டார். குண்டு இடது பக்கம் கிளம்பி, போகப் போக வலது பக்கம் திரும்பியது. வளைந்த குழாயின் சுவரில் உருண்டதால் வந்த சுழற்சிதான் அதைத் திருப்பியது. நூறாண்டு கழித்து இதை ஆராய்ந்த ஜெர்மானியர் மேக்னஸின் பெயரில்தான் பாடநூல்கள் இதைச் சொல்கின்றன. சேப்பாக்கத்தில் சுழற்பந்து காற்றிலேயே விலகுவதற்கும் இதே விளைவுதான் காரணம். ராபின்ஸ் பெயரைச் சொல்பவர்கள் குறைவு, அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவருடைய புத்தகத்தைக் கணித மேதை ஆய்லர் 1745இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோய், மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான விளக்கவுரையும் சேர்த்தார். 1746இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி ராபின்ஸுக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது.

அதே 1746இல் இங்கே சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. கம்பெனியின் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு மாறியது. 1748இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். குண்டுகள் விழுந்த அந்த நாட்களை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சென்னை திரும்பக் கிடைத்தபின், கோட்டைகளைச் சீர்செய்யத் தகுந்த ஆள் வேண்டும் என்று கம்பெனி தேடியது. தேர்ந்தெடுத்த ஆள் ராபின்ஸ். தலைமைப் பொறியாளராக 1750 ஜூலையில் செயின்ட் டேவிட் கோட்டையில் வந்து இறங்கினார். கடலூர்க் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் வரைபடங்கள் போட்டார். காய்ச்சல் விடவில்லை. 1751 ஜூலை 29 அன்று இங்கேயே இறந்துபோனார். வயது 44.

குண்டு விழுந்த தூரத்தை வைத்து எல்லை வகுத்த கோட்டையில், குண்டு ஏன் அந்தத் தூரத்திலேயே விழுகிறது என்று முதன்முதலில் அளந்தவர் கண்மூடியிருக்கிறார். செயின்ட் டேவிட் கோட்டை என்றதும் ராபர்ட் கிளைவின் பெயர்தான் முதலில் வருகிறது. என்னைக் கேட்டால் ராபின்ஸின் பெயர் முன்னால் வர வேண்டும். கோட்டை அவருக்குப் பின் அதிக நாள் நிற்கவில்லை. 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்து இடித்துவிட்டது.

ராபின்ஸ் விட்டுப்போன ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஒரு சுழலும் நீண்ட கையின் நுனியில் பொருள்களைக் கட்டிச் சுழற்றி, முகப்புப் பரப்பு ஒன்றாகவே இருந்தாலும் வடிவம் மாறினால் தடை மாறுகிறது என்று அவர் காட்டியிருந்தார். ஏன் என்று சொல்ல அன்றைய கணக்கால் முடியவில்லை. சொல்லப்போனால், உராய்வே இல்லாத பாய்மத்தில், அதாவது காற்றோ நீரோ போல ஓடும் ஒன்றில், சீராக நகரும் பொருளுக்குத் தடையே கிடையாது என்று 1752இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் தலாம்பேர் கணக்குப் போட்டுக் காட்டி எல்லோரையும் திகைக்க வைத்தார். முடிச்சு அவிழ்ந்தது 1904இல். பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய படலத்தில் மட்டும் பாகுநிலை, அதாவது பாய்மத்தின் பிசுபிசுப்பு, வேலை செய்கிறது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் பிராண்டில் விளக்கினார். அந்தப் படலம் பொருளின் முதுகுப் பக்கத்தில் பிரிந்துகொண்டால் பின்னால் ஒரு கொந்தளிப்பு உருவாகி, அழுத்தம் குறைந்து, பொருளைப் பின்னோக்கி இழுக்கும். எனவே தடையைக் குறைக்க முன்பக்கத்தைக் கூராக்குவதைவிடப் பின்பக்கத்தைச் சரிவாக முடிப்பது முக்கியம். உருண்டைக்கு வடிவ எண் சுமார் 0.47. முன்னால் மழுங்கலாக, பின்னால் நீண்டு குறுகும் வடிவத்துக்கு 0.04 அளவுக்கு இறங்கும். கடலூர் துறைமுகத்தில் வந்து இறங்கும் சூரை மீனைப் பக்கவாட்டில் பாருங்கள், பிராண்டில் சொன்னது புரியும்.

காற்று நின்று பொருள் நகர்ந்தாலும், பொருள் நின்று காற்று நகர்ந்தாலும் விதி ஒன்றுதான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர்மேல் விழும் அழுத்தம் சுமார் 90 கிலோ எடைக்குச் சமம். பாதி வேகமாக இருந்திருந்தால் 22 கிலோதான். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்து படர்ந்த தலை, 20 சதுர மீட்டர் முகப்பு என்று வைத்தால், இலைகள் மடங்கி விசையைப் பாதியாகக் குறைத்தாலும், 900 கிலோவைக் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். அதுவும் உச்சியில். தலைமுறையாக வளர்த்த தோப்புகள் ஒரே காலையில் சாய்ந்ததற்கு அந்த வர்க்கக் கணக்கு ஒரு காரணம். புயல் எச்சரிக்கையில் 70 என்பதற்கும் 140 என்பதற்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு என்று நினைத்தால் தவறு.

மிகச் சிறியவற்றின் உலகத்தில் இந்த வர்க்க விதி செல்லாது. அங்கே பொருளின் உந்தத்தைவிடப் பாய்மத்தின் பிசுபிசுப்பு பெரிது. தடை வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதி இது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருகி வந்தபோது கடலூர் பார்த்த செம்பழுப்பு நீர் நினைவிருக்கும். அதில் இருந்த 0.2 மில்லிமீட்டர் மணல், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஒரு நிமிடம்கூட எடுக்காது. இரண்டு மைக்ரோமீட்டர் களிமண் துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க இரண்டரை நாள். மணல் முகத்துவாரத்தில் மேடு போடுவதும், களி கடலுக்குள் வெகுதூரம் போய்க் கலங்கலாகத் தெரிவதும் இதனால்தான். எந்த விதி எங்கே செல்லும் என்று சொல்வது ரெனால்ட்ஸ் எண். வேகம், அளவு, அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வருவது. ஒன்றுக்கும் வெகு கீழே என்றால் ஸ்டோக்ஸ், ஆயிரங்களைத் தாண்டினால் ராபின்ஸ் அளந்த உலகம்.

மழைத்துளி இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர்த் துளி நொடிக்கு ஆறரை மீட்டரில் தன் முற்றுத் திசைவேகத்தை, அதாவது தடையும் எடையும் சமமாகி அதற்குமேல் ஏறாத வேகத்தை, எட்டிவிடும். காற்று இல்லாவிட்டால், இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வந்து தலையில் இறங்கும்.

தண்ணீருக்குள் இதெல்லாம் காசுக் கணக்காகிவிடுகிறது. கடல்நீர் காற்றைப் போல எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தி. தடைவிசை வர்க்கத்தில் ஏறுகிறது என்றால், எஞ்சின் தர வேண்டிய திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும். விசைப்படகின் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் திறன் 27 சதவீதம் குறைகிறது. போய்ச்சேரக் கூடுதல் நேரம் ஆவதைக் கழித்தாலும் அதே தூரத்துக்கு டீசல் 19 சதவீதம் மிச்சம். இது வெறும் வர்க்க விதியை வைத்துச் சொன்ன கணக்கு. படகு வேகமாகப் போகப் போக நிலைமை இதைவிட மோசம். காரணம் அலை. படகு தானே ஒரு அலையை எழுப்பிக்கொண்டு போகிறது. அந்த அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தன் அலையின் மேட்டிலேயே ஏற முயல்வது போல ஆகிவிடும். 12 மீட்டர்ப் படகுக்கு அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 15.6 கிலோமீட்டர். அதற்குமேல் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தமும் புகையும்தான் அதிகமாகும். வில்லியம் ஃபிரவுட் 1870களில் இங்கிலாந்தின் டார்க்கியில் ஒரு நீண்ட தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இந்த அலைத்தடையைத் தோல் உராய்விலிருந்து தனியே பிரித்தார்.

தோல் உராய்வு என்பது படகின் அடிப்பாகத்தைப் பொறுத்தது. அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டினால் பிராண்டில் சொன்ன அந்த மெல்லிய படலம் தடித்துக் கொந்தளிக்கும், டீசல் செலவு ஏறும். மீன்பிடித் தடைக்கால அறுபத்தொரு நாளில் படகைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் அடிப்பது மரத்தைக் காப்பாற்ற மட்டுமல்ல, இதற்காகவும்தான். ஆனால் இழுவலை போட்டபின் இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம். அப்போது எஞ்சின் தரும் இழுவிசையில் பெரும்பகுதியைத் தின்பது வலைதான். கண்ணின் அளவு, நூலின் தடிமன், வலையின் வாய் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பவை அதைத் தீர்மானிக்கின்றன. அதே வலிமையுள்ள மெல்லிய நூலுக்கு மாறினால், ஒவ்வொரு இழைக்கும் தண்ணீர் காணும் முகப்பு குறைகிறது. எஞ்சினை மாற்றாமலேயே டீசல் குறையும்.